சென்னையில் கிடைத்த கட்டளை திருகோணமலையில் கிடைக்குமா?

கேள்வி: திருகோணமலை உவர்மலையில் இருக்கிற என் தங்கச்சியை அவளுடைய கணவர் குடித்துவிட்டு வந்து அடிக்கிறார். வீடு அம்மா சீதனமாகக் கொடுத்தது. பொலிஸில் முறைப்பாடு செய்தால் சமாதானம் பேசி அனுப்புகிறார்கள். சென்னையில் இருக்கிற மச்சாளுக்கு வீட்டில் இருக்கும் உரிமையும் மாதக் காசும் நீதிமன்றம் கொடுத்தது. இங்கே முடியாதா? லண்டன் அண்ணாவிடம் போய் அங்கே வழக்குப் போடலாமா?

பதில்: லண்டன் யோசனையை விட்டுவிடுங்கள். இங்கிலாந்தில் 2015 முதல் மனைவியைக் கட்டுப்படுத்தி ஆட்டிப்படைப்பதே தனிக் குற்றம், 5 வருடம் வரை சிறை. ஆனால் அந்த நாட்டு நீதிமன்றக் கட்டளையை உவர்மலையில் யார் அமுல்படுத்துவது? அடிக்கிறவர் இருக்கிற ஊரில்தான் கட்டளை வேண்டும்.

இந்தியாவின் 2005ஆம் ஆண்டு வீட்டு வன்முறைச் சட்டம் வீட்டுரிமையில் ஏன் அவ்வளவு அழுத்தமாக இருக்கிறது? அங்கே பெரும்பாலும் பெண் மாமியார் வீட்டுக்குப் போகிறாள், வீட்டு உறுதிப் பத்திரத்தில் அவள் பெயர் இருக்காது. அதனால் உறுதி யார் பெயரில் இருந்தாலும் சேர்ந்து வாழ்ந்த வீட்டில் அவள் இருக்கலாம் என்று எழுதிவைத்தார்கள். காசு கொடுக்காமல் வதைப்பதும் அங்கே வன்முறைதான்.

எங்கள் பக்கத்தில் சீதன வீடு மகள் பெயரில்தான் எழுதப்படுவது வழக்கம். உங்கள் தங்கச்சிக்கும் அப்படியானால் அது பெரிய பலம். இலங்கையின் 2005ஆம் ஆண்டு 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், கணவர் வீட்டுக்குள் வரக்கூடாது, அங்கே வசிக்கக்கூடாது என்று நீதவான் கட்டளையிடலாம். கணவருக்கு வரும் கஷ்டத்தையும் நீதவான் பார்ப்பார். ஆகவே உறுதியின் பிரதியையும், அவர் போய்த் தங்கக்கூடிய உறவினர் வீடு இருந்தால் அந்த விபரத்தையும் கொடுங்கள்.

காசு விஷயத்தில் எங்கள் சட்டம் மெலிந்தது. அவசர உதவித்தொகை கேட்கலாம். மாதாமாதம் வேண்டுமென்றால் 1999ஆம் ஆண்டுப் பராமரிப்புச் சட்டத்தில் தனி விண்ணப்பம், அதுவும் நீதவான் நீதிமன்றத்தில்தான். கிண்ணியா, மூதூர் முஸ்லிம் பெண்களுக்குப் பாதுகாப்புக் கட்டளை அதே வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் கிடைக்கும், பராமரிப்புக்கு மட்டும் முஸ்லிம் குடும்ப வழக்குகளைப் பார்க்கும் காதி நீதிமன்றம்.

பொலிஸுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. தங்கச்சி தானே நேரடியாக நீதவானிடம் விண்ணப்பிக்கலாம், அவள் சார்பில் பொலிஸ் உத்தியோகத்தரும் விண்ணப்பிக்கலாம். சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போங்கள். அவசரம் என்று நீதவான் கண்டால் இடைக்காலக் கட்டளை உடனே வரும், விசாரணைக்கு 14 நாளுக்குள் திகதி போட வேண்டும்.

விண்ணப்பம் தடுக்கிவிழுவது பெரும்பாலும் சத்தியக் கடதாசியில்தான். “எந்நாளும் அடிப்பார்” என்று எழுதினால் நிற்காது. எந்தத் திகதி, எத்தனை மணி, எதால் அடித்தார், எங்கே காயம், யார் பார்த்தார்கள் என்று கடைசி இரண்டு மூன்று சம்பவங்களையாவது தனித்தனியாக எழுதுங்கள். ஏச்சும் அவமானமும் தொடர்ந்து கடுமையாக நடப்பதாகக் காட்டினால்தான் சட்டத்துக்குள் வரும். காயம் இருந்தால் பொலிஸில் சட்ட வைத்தியப் படிவம் எடுத்துக்கொண்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நாலு நாள் கழித்துப் போனால் கண்டல் மங்கிவிடும், வைத்தியர் எழுத ஒன்றும் இருக்காது. பழைய முறைப்பாடுகளின் பதிவு இலக்கத்தையும் கேட்டு வாங்குங்கள். சமாதானமாக முடிந்திருந்தாலும், முன்பும் நடந்தது என்பதற்கு அது சாட்சி.

கட்டளை கூடியது 12 மாதம். இந்தியாவில் பெண் கேட்டு நீக்கும்வரை நிற்கும், இங்கே திகதியோடு முடிந்துவிடும். எனவே பதினோராம் மாதத்திலேயே நீடிப்புக் கேளுங்கள். மீறினால் ஒரு வருடம் வரை சிறை, அல்லது 10,000 ரூபா வரை தண்டம், அல்லது இரண்டும். தண்டம் இன்றைய விலைவாசிக்குச் சிரிப்புக்கிடமானதுதான், ஆனால் சிறை என்ற சொல்லுக்குப் பயப்படுகிறவர்கள் உண்டு. அத்தாட்சிப்படுத்திய பிரதி ஒன்று தங்கச்சியிடம், ஒன்று உங்களிடம் இருக்கட்டும். இரவில் அவர் கதவைத் தட்டினால் 119க்கு அழைத்து, கட்டளை இருக்கிறது என்பதை முதல் வசனத்திலேயே சொல்லச் சொல்லுங்கள். ஆலோசனைக்குப் பெண்கள் உதவித் தொலைபேசி 1938.