கொடைக்கானல் போகும் வயிற்றுக்கு புரோபயாடிக் தேவையா?

கேள்வி: மே மாதம் குடும்பத்தோடு நான்கு நாள் கொடைக்கானல் போகிறோம். மகளுக்கு 8 வயது. மாமியாருக்கு 68, சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். போன இரண்டு தடவையும் யாராவது ஒருவருக்கு வயிறு கெட்டு, பாதியிலேயே இறங்கி வந்தோம். முன்கூட்டியே புரோபயாடிக் (குடலுக்கு நல்லது என்று உட்கொள்ளும் உயிருள்ள நுண்ணுயிர்கள்) சாப்பிட்டால் தப்பிக்கலாமா? தயிரே போதுமா?
— வாசகி, திண்டுக்கல்

பதில்: எப்போது கெட்டது என்பதை முதலில் யோசித்துப் பாருங்கள். வத்தலகுண்டு தாண்டி மலைப்பாதையிலேயே குமட்டி வாந்தி வந்திருந்தால், அது வயிற்றின் குற்றமே அல்ல. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு வளைவுகளில் குழம்புவதால் வருவது. குழந்தையின் கையிலிருந்து செல்போனை வாங்கிவிட்டு, சாலையைப் பார்த்தபடி உட்கார வையுங்கள்.

மேலே போய்ச் சேர்ந்த அன்று வயிறு கும்மென்று உப்பினால் காரணம் வேறு. கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் குறைவு. கீழே வாங்கிய சிப்ஸ் பாக்கெட் மேலே போனதும் பந்துபோல் புடைத்து நிற்குமே, குடலுக்குள் இருக்கும் வாயுவும் அப்படித்தான், ஏறத்தாழ கால் பங்கு விரிகிறது. தானாகவே தணிந்துவிடும். அன்று ஒரு நாள் சோடாவும் சுண்டலும் வேண்டாம்.

இந்த இரண்டுக்கும் புரோபயாடிக் உதவாது. சிலருக்குத் தொடங்கிய முதல் சில நாட்களில் அதுவே கொஞ்சம் வாயுவை உண்டாக்கும் என்பதால், மலைக்குப் போய் முதல் மாத்திரையைப் பிரிப்பது சரியல்ல.

இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ தண்ணீராகப் போனால் அது பெரும்பாலும் கிருமி. புரோபயாடிக் பற்றிப் பேச வேண்டிய இடம் இதுதான். இங்கேயும் அதைக் கவசம் என்று நினைத்துவிடாதீர்கள். ஆய்வு முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. பரிந்துரைக்கும் அளவுக்குச் சான்று போதாது என்றே சர்வதேசப் பயண மருத்துவச் சங்கத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதல் சொல்கிறது. முயன்று பார்க்கலாம், நம்பியிருக்கக் கூடாது.

முயல்வதானால் சாக்கரோமைசிஸ் பொலார்டி என்ற ஈஸ்ட் வகையைக் கேளுங்கள். பெரியவர்களுக்கு 250 மி.கி., காலை ஒன்று, இரவு ஒன்று. கிளம்புவதற்கு 5 நாள் முன்பே தொடங்கி, வீடு திரும்பும்வரை சாப்பிடலாம். இது பாக்டீரியா அல்ல என்பதால் ஆன்டிபயாடிக் இதைக் கொல்லாது. பூஞ்சைக்கான மாத்திரை கொன்றுவிடும். மகளுக்கான அளவைக் குழந்தை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சிறு குப்பிகளில் திரவமாக வரும் பேசில்லஸ் கிளாசி என்ற பாக்டீரியா, உறங்கும் வித்து வடிவத்தில் இருப்பதால் ஃப்ரிட்ஜ் தேவையில்லை. யாகுல்ட் என்ற புளித்த பால் பானம் அப்படியல்ல, 10 டிகிரிக்குக் கீழேயே வைத்திருக்க வேண்டும். அதில் சர்க்கரையும் சேர்கிறது, மாமியாருக்கு வேண்டாம்.

வாங்கியதை வீணாக்குவது பெரும்பாலும் சூடுதான். மலையில் குளிருக்கு எல்லோர் கையிலும் ஃபிளாஸ்க் வெந்நீர் இருக்கும். புரோபயாடிக் பொடியை அதிலேயே கலக்கி விடுவார்கள். உயிருள்ள நுண்ணுயிர் அங்கேயே செத்துப்போகும், நீங்கள் குடிப்பது வெறும் மாவுத் தண்ணீர். விரலை விட்டால் சூடு தெரியாத நீரில் கலக்கி உடனே குடிக்க வேண்டும். டீ, காபியோடு விழுங்கவும் வேண்டாம். அடிவாரத்தில் சாப்பிட நிறுத்தும்போது மே மாத வெயிலில் பூட்டிய காருக்குள் மாத்திரை டப்பாவை விட்டுவிட்டுப் போகாதீர்கள், கைப்பையில் இருக்கட்டும்.

தயிர் நல்ல உணவு. ஆனால் வீட்டுத் தயிரில் எந்த வகை, எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே மருந்துக்கு மாற்று என்று எண்ண வேண்டாம். கொதிக்க வைத்த மோர்க்குழம்பு அந்தக் கணக்கிலேயே வராது. கொடைக்கானல் குளிரில் தயிர் லேசில் உறையாது. உறை ஊற்றிய பாலை ஹாட்பேக்கில் வைத்துப் போர்த்தி வையுங்கள். கடை மோரில் எந்தத் தண்ணீர் கலந்ததென்று தெரியாது, விட்டுவிடலாம்.

உண்மையில் வயிற்றைக் காப்பாற்றுவது தண்ணீர்தான். இந்த உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கீழே ஒரு நிமிடம் கொதித்தால் போதும். 2,000 மீட்டருக்கு மேலே 3 நிமிடம் தளதளவெனக் கொதிக்க வேண்டும். லாட்ஜ் கெட்டில் கொதி வந்ததுமே அணைந்துவிடும், திரும்பத் திரும்பப் போடுங்கள். ஏரிக்கரையில் வேகவைத்த மக்காச்சோளத்தைச் சுடச்சுடச் சாப்பிடலாம். அதன்மேல் தேய்க்கிற எலுமிச்சை மூடி காலையிலிருந்து அதே மிளகாய்ப்பொடிக் கிண்ணத்தில் புரள்கிறது, அதை மட்டும் வேண்டாமென்று சொல்லிவிடுங்கள். வெட்டி வைத்த அன்னாசியும் வேண்டாம். கட்டுக் கேரட்டை வாங்கி, காய்ச்சிய நீரில் கழுவித் தோல் சீவித் தின்னலாம்.

மாமியாருக்கு இன்னொரு விஷயம்: சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் மாத்திரையே சிலருக்கு வயிற்றைப் போக வைக்கும். அளவை அண்மையில் கூட்டியிருந்தால் புறப்படும் முன் மருத்துவரிடம் சொல்லுங்கள். கீமோ, உறுப்பு மாற்றம், ஸ்டீராய்டு என்று எதிர்ப்புச் சக்தி குறைந்த யாராவது உடன் வந்தால், மருத்துவரைக் கேட்காமல் புரோபயாடிக் கொடுக்கவே கூடாது.

நீரிழப்பை ஈடுகட்டும் உப்பு-சர்க்கரைப் பொடியான ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஆறேழு எடுத்துப் போங்கள். ஒரு லிட்டருக்கான பாக்கெட்டை முழுதாக ஒரு லிட்டர் ஆறிய நீரில் கரைக்க வேண்டும். அரை டம்ளருக்குக் கொஞ்சம் தட்டிப் போடுவது தவறு, உப்பு ஏறிவிடும். அதில் குளுக்கோஸ் இருக்கிறதே என்று மாமியாருக்கு மறுக்காதீர்கள், நீரிழப்புதான் பெரிய ஆபத்து. குளுக்கோமீட்டரில் பார்த்துக்கொண்டே கொடுக்கலாம். மலத்தில் ரத்தம், காய்ச்சல், நிற்காத வாந்தி, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை என்றால் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். ரத்தமோ காய்ச்சலோ இருக்கும்போது போக்கை நிறுத்தும் லோபரமைடு போடக் கூடாது. மகளுக்கு எந்த நிலையிலும் நீங்களாகக் கொடுக்க வேண்டாம்.