எத்தனை அடுப்பு?

அன்புள்ள ஐயா,

பண்டாரவளைப் பக்கத்துச் சபையொன்றின் வாலிபர் சங்கத்தில் இருக்கிறேன். 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோது சோற்றுப் பார்சலும் பழைய உடுப்பும் சேர்த்து லொறியில் முகாமுக்குக் கொண்டுபோனோம். பாதிச் சோறு பழுதாகிவிட்டது, உடுப்பு பள்ளிக்கூட விறாந்தையிலேயே கிடந்தது. அடுத்த மழைக்காவது ஒழுங்காகத் தயாராக வேண்டும். எங்கிருந்து தொடங்குவது? பொதிக்குள் சுவிசேஷத் துண்டுப் பிரதி வைக்கலாமா என்பதிலும் எங்களுக்குள் இரண்டு கருத்து.

- ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

லொறி இருக்கட்டும், முதலில் ஒரு கொப்பி வாங்குங்கள்.

தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் ஒவ்வொரு காம்பராவுக்கும், அதாவது அறை வீட்டுக்கும், ஓர் இலக்கம் இருக்கும். உள்ளே தாய் தகப்பனுக்கு ஓர் அடுப்பு, கலியாணம் முடித்த மகன் இஸ்தோப்பை, அதாவது முன் விறாந்தையை, மறைத்து வைத்த அடுப்பு ஒன்று. இலக்கத்தைப் பார்த்துப் பொதி கொடுத்தால் மகன் குடும்பம் விடுபடும், சண்டை அங்கேதான் தொடங்கும். மழையில்லாத மாதத்திலேயே தோட்டத்தின் பிரிவுகளுக்கு, டிவிசன் டிவிசனாகப் போய் அடுப்புக் கணக்கு எடுங்கள். ஓர் அடுப்புக்கு எத்தனை பேர், கைக்குழந்தை உண்டா, கர்ப்பிணி உண்டா, சீனி வருத்தத்துக்கும் பிரஷருக்கும் குளிசை எடுப்பவர் யார், நடக்க முடியாதவர் யார். எந்தச் சபை, எந்தக் கோயில் என்று ஒரு நிரல் போடவே வேண்டாம். தோட்ட நிர்வாகத்திடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, கிராம சேவகருக்கு ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை திருத்தாத கொப்பி உதவாது.

முகாமுக்கு வராமல் பக்கத்து டிவிசனில் சொந்தக்காரர் காம்பராவில் ஒண்டிக்கொள்பவர்கள் நிறையப் பேர். முகாம் பட்டியலில் அவர்கள் பெயர் இருக்காது. யாருக்கு எங்கே சொந்தம் என்று தெரிந்த ஊர்ச் சபைக்குத்தான் அவர்களைத் தேடிப் பிடிக்க முடியும். கொழும்பிலிருந்து வருகிற லொறி றோட்டோர முகாமிலேயே காலியாகிவிடும்.

உலருணவுப் பொதி இப்படிச் சொந்தக்காரரிடம் ஒண்டியவர்களுக்கும் லயத்துக்குத் திரும்பியவர்களுக்கும்தான். நாலு பேருக்கு ஒரு கிழமைக்கு அரிசி 7 கிலோ, கோதுமை மா 4 கிலோ, பருப்பு 2 கிலோ, சீனி 1 கிலோ, எண்ணெய் 1 லீட்டர். அவசரகாலக் கணக்கில் சொல்லப்படும் ஆளுக்கு நாளொன்றுக்கு 2100 கலோரி இதிலேயே வந்துவிடும். உப்பும் பால்மாவும் கருவாடும் மேலதிகம். மொத்தம் 16 கிலோவைத் தாண்டும், ஆகவே இரண்டு பையாகக் கட்டுங்கள். றோட்டு உடைந்த இடத்திலிருந்து அதைப் படியேற்றிச் சுமக்கப்போவது பெரும்பாலும் பெண்கள். முகாமில் பொதுச் சமையல் நடந்தால் பொதி வேண்டாம், தேங்காய், மரக்கறி, காஸ் சிலிண்டர் என்று சமையற்கட்டிடமே கேட்டுக் கொடுங்கள்.

உங்கள் சோறு பழுதானதில் அதிசயமில்லை. சூட்டோடு லஞ்ச் ஷீட்டில் சுற்றிப் பெட்டியில் அடுக்கினால் நடுவிலுள்ள பார்சல் மணிக்கணக்காக இளஞ்சூட்டிலேயே இருக்கும், கிருமிக்கு அதைவிட வசதியான இடம் இல்லை. தேங்காய்ப்பால் கறி முதலில் புளிக்கும். சமைத்து நாலு மணித்தியாலத்துக்குள் வாய்க்குப் போகாதென்றால் பார்சல் கட்டாதீர்கள். உடுப்பென்றால் புதிய உள்ளாடை, நைட்டி, சாரம், ஸ்வெட்டர், பெட்ஷீட், சானிட்டரி நாப்கின். பழையது வேண்டாம். பிரித்து அடுக்கவே பத்துப் பேர் தேவைப்படும்.

உதவப் போகும் உங்கள் சங்கத்துப் பிள்ளைகளின் உயிரும் முக்கியம். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பு, 100 என்றால் எச்சரிக்கை, 150 அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 என்றால் வெளியேற்றம் என்பது மண்சரிவுக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வைத்துள்ள அளவு. வாயும் அடியும் ஒரே அகலமான தகரப் பேணியை வெட்டவெளியில் வைத்து அடிமட்டத்தால் அளந்தாலே போதும். 2014 ஒக்டோபர் 29 காலை சரிந்த கொஸ்லந்த மீரியபெத்தை, ஏற்கெனவே எச்சரிக்கப்பட்ட இடம். மழை விட்ட பின்னும் மண் இறங்கும். கதவு திடீரென இறுகினாலோ, நிலத்தில் புது வெடிப்பு கண்டாலோ, ஓடிக்கொண்டிருந்த பீலித் தண்ணீர் (லயத்துக்கு மலையிலிருந்து வரும் தண்ணீர்) கலங்கினாலோ நின்றாலோ அந்த லயத்தில் சேறு அள்ளப் போகக்கூடாது, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்குச் சொல்லுங்கள். சேறு அள்ளுவதற்கு முன் மெயின் சுவிட்ச் அணைந்திருக்க வேண்டும். பூட்ஸும் கையுறையும் கட்டாயம். காலில் புண் உள்ளவர் இறங்கவே வேண்டாம். எலிக்காய்ச்சலுக்கு முன்தடுப்புக் குளிசை பற்றி பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முதலே கேட்டுக்கொள்ளுங்கள்.

துண்டுப் பிரதி வேண்டாம். நிவாரணத்தை எந்த மத நிலைப்பாட்டையும் பரப்பப் பயன்படுத்துவதில்லை என்ற, நிவாரண அமைப்புகளுக்கான 1994ஆம் ஆண்டு நடத்தைக் கோவையை எழுதியவர்களில் கத்தோலிக்க உதவி அமைப்பான காரித்தாசும் உலகத் திருச்சபைகள் மன்றமும் உண்டு. லயத்தில் பெரும்பாலும் சைவக் குடும்பங்கள். பசித்தவன் கையில் அரிசியோடு பிரதியும் வந்தால் அதை அவன் விலையாகத்தான் பார்ப்பான். யாராவது தாமாக ஜெபிக்கக் கேட்டால் தாராளமாக ஜெபியுங்கள், பொதி கொடுக்கும் வரிசையில் மட்டும் வேண்டாம்.

கடைசியாகத் தண்ணீர். மண் இறங்கினால் மேலேயிருந்து பீலிக்கு வரும் குழாய்தான் முதலில் அறுந்து போகும். போத்தல் தண்ணீர் இரண்டு நாளைக்குத்தான் காணும். இரண்டு சுருள் ஹோஸ், சொக்கட், கிளிப் ஆலய ஸ்டோரில் இருந்தால் பையன்கள் அரை நாளில் லயத்துக்குத் தண்ணீர் இறக்கிவிடுவார்கள். வந்த தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும். எந்த டிவிசனில் குழாய் ஒரு அங்குலம், எதில் முக்கால் அங்குலம் என்று இப்போதே அளந்து கொப்பியில் எழுதிவிடுங்கள். மாறின சொக்கட்டோடு மலையேறினால் அன்றைய நாள் போச்சு.