கம்ப்யூட்டர் பட்டுனு அணையுது, கோளாறு பெட்டிக்குள்ளயா சுவத்துலயா?

கேள்வி: சார் வணக்கம், மன்னார்குடி பக்கம் கிராமம் எங்களுக்கு. போன வருஷம் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல பார்ட் பார்ட்டா வாங்கியாந்து நானே அசெம்பிள் பண்ணுனேன். ரைசன் 5 5600 ப்ராசசர், ஆர்டிஎக்ஸ் 3060 கிராஃபிக்ஸ் கார்டு, பெட்டிக்குள்ள கரண்ட் குடுக்கற பவர் சப்ளை, அதான் எஸ்எம்பிஎஸ், 650 வாட்ஸ், யூபிஎஸ் மட்டும் பழசு, 600 விஏ, அதையே போட்டுக்கிட்டேன். நல்லாத்தான் ஓடிக்கிட்டு இருந்துச்சு. இப்ப ரெண்டு மாசமா சாயந்தரம் கேம் ஆடிக்கிட்டு இருக்கும்போதே பட்டுனு அணைஞ்சிடுது, ப்ளூ ஸ்க்ரீன் எதுவும் வரல, மானிட்டர் லைட்டும் சேந்து போயிடுது, யூபிஎஸ்ஸ அமுக்கி ஆன் பண்ணி மறுபடி போட்டா "பவர் சப்ளை சர்ஜஸ் டிடெக்டட்"னு காட்டி எஃப்1 அமுக்கச் சொல்லுது. காலையில ஆடுனா ஒண்ணும் ஆவுறதில்ல. கடைக்காரரு எஸ்எம்பிஎஸ் மாத்துங்கறாரு, ஃப்ரெண்டு மதர்போர்டு போச்சுங்கறான். எதை மாத்துறது?
- வாசகர், மன்னார்குடி

பதில்: ரெண்டையும் மாத்தாதீங்க தம்பி, காசை எடுத்து உள்ள வைங்க. பதிலை நீங்களே கேள்விக்குள்ள எழுதிட்டீங்க, மானிட்டர் லைட்டும் சேந்து போகுதுன்னு. எஸ்எம்பிஎஸ்ஸோ போர்டோ கோளாறுன்னா சிபியு மட்டும்தான் அணையும், மானிட்டர் பாட்டுக்கு "நோ சிக்னல்"னு காட்டிக்கிட்டு நிக்கும், அதுக்கு வர்ற கரண்ட் வேற வயர் இல்லையா. ரெண்டும் ஒரே நேரத்துல போகுதுன்னா ரெண்டுக்கும் பொதுவா முன்னாடி இருக்கறது எதுவோ அதுதான் கையை விடுது. உங்க வீட்ல அது யூபிஎஸ்.

கணக்கைப் பாருங்க. 600 விஏன்னு அட்டையில பெருசா போட்டிருப்பான், பின்னாடி சின்ன எழுத்துல 360 வாட்ஸ்னு இருக்கும், நமக்கு வேண்டியது அந்த சின்ன எழுத்துதான். 3060 கார்டு மட்டும் 170 வாட்ஸ், ப்ராசசர் முழு மூச்சா ஓடுனா 76, போர்டு, ராம், ஹார்டு டிஸ்க், ஃபேன் எல்லாம் சேத்து ஒரு 50, எஸ்எம்பிஎஸ்ல சூடா வீணாப் போறது கொஞ்சம், அதுக்கு மேல மானிட்டர். 360ஐ இடிச்சுக்கிட்டு நிக்குது. போதாததுக்கு கிராஃபிக்ஸ் கார்டுங்க சீரா இழுக்காது, கண்ணிமைக்கறதுக்குள்ள தன் கணக்கைத் தாண்டி ஒரு இழுப்பு இழுத்துட்டு அடங்கும். லைன்ல கரண்ட் இருக்கற வரைக்கும் யூபிஎஸ் அதை அப்படியே கடத்தி விட்டுடும், தெரியாது. பேட்டரிக்கு மாறுற நேரத்துல அந்த இழுப்பு வந்துச்சுன்னா தாங்காம கீன்னு கத்திட்டு படுத்துரும். அதுவும் உள்ள இருக்கற 7 ஏஎச் பேட்டரி ரெண்டு மூணு வருஷம் ஆனதுன்னா சொல்லவே வேணாம்.

சரி, சாயந்தரம் மட்டும் ஏன் பேட்டரிக்கு மாறுது? எந்த மாசம்னு நீங்க எழுதல, ஆனா குறுவை நேரமா இருந்தா ஆச்சரியமே இல்ல. ஜூன் 12 மேட்டூர் திறந்தாலும் வாய்க்கால்ல தண்ணி எப்ப வருமோன்னு நம்மாளுங்க போர்செட்டை போட்டு நாத்தங்காலை நனைக்கறாங்க, ஒரே டிரான்ஸ்பார்மர்ல பத்து மோட்டார், அதுல ஒண்ணு ஸ்டார்ட் ஆவுறப்ப நேரடியா போட்டா ஓடுற கரண்டைப் போல 5, 6 மடங்கு இழுக்கும், கூடவே வீட்டு லைட்டு, ஃபேன், மிக்சி, டிவி. 230 வோல்ட் வரவேண்டிய இடத்துல 160, 150ன்னு இறங்கும். குழல்விளக்கு மினுக்கு மினுக்குன்னு கண்ணடிக்குதா பாருங்க, யூபிஎஸ்ல டக் டக்னு ரிலே சத்தம் கேக்குதா பாருங்க. அந்த சத்தம் வோல்ட்டேஜை தூக்கிப் பாக்குற சத்தம், முடியாதப்ப பேட்டரிக்கு ஓடிரும். இன்னொன்னு, எஸ்எம்பிஎஸ்ஸுக்கு வோல்ட்டேஜ் குறைஞ்சா அதே வாட்ஸுக்கு ஆம்பியர் ஜாஸ்தி இழுக்கும், 230ல ஒன்றரை ஆம்ப் எடுக்கறது 160ல ரெண்டைத் தாண்டும், உங்க வீட்டு வயரிங் பழசுன்னா அதுலயும் கொஞ்சம் இறங்கும்.

நான் சொல்றத நம்பாதீங்க, சோதிச்சுப் பாருங்க. காலையில வோல்ட்டேஜ் நல்லா இருக்கறப்ப யூபிஎஸ்ஸ ஒதுக்கிட்டு சுவத்து பிளக்ல நேரா குத்தி ரெண்டு மணி நேரம் அதே கேமை ஆடுங்க. அணையாம ஓடுச்சுன்னா பெட்டிக்குள்ள பழுதில்ல. அப்புறம் யூபிஎஸ் வழியா போட்டு, எல்லா ஃபைலையும் சேவ் பண்ணிட்டு, சும்மா டெஸ்க்டாப்ல நிக்கறப்ப யூபிஎஸ் பிளக்கை சுவத்துலேர்ந்து உருவுங்க. தாங்கும். கேம் ஓடறப்ப உருவுங்க. தாங்கலன்னா முடிஞ்சுது கதை. புது யூபிஎஸ் வாங்கறப்ப விஏ பாக்காம வாட்ஸ் 600 இருக்கான்னு பாத்து வாங்குங்க, ப்யூர் சைன் வேவ்னு போட்டிருந்தா இன்னும் நல்லது, இப்ப வர்ற நல்ல எஸ்எம்பிஎஸ்ல கரண்டை சீரா இழுக்க வைக்கற ஆக்டிவ் பிஎஃப்சின்னு ஒரு சர்க்யூட் இருக்கு, மட்டமான சதுர அலை கரண்ட்ல சிலது முரண்டு பிடிக்கும். வோல்ட்டேஜுக்கு மின்வாரியத்தோட புகார் மையம் மின்னகம் 94987 94987ல புகார் போட்டு நம்பர் வாங்கி வச்சுக்குங்க, தெருவுல நாலு வீடு சேந்து போட்டா இன்னும் வேகமா ஆள் வரும்.

அந்த சர்ஜ் மெசேஜ் சில போர்டுல இருக்கற காவல் வேலை, போன தடவை சப்ளை அளவு தப்புச்சுன்னு சொல்லுது, அவ்வளவுதான். பயாஸ்ல, அதான் போர்டோட அடிப்படை செட்டிங்ல, ஆன்ட்டி சர்ஜ்னு இருக்கும், அதை ஆஃப் பண்ணுங்கன்னு யூட்யூப்ல நூறு பேர் சொல்லுவாங்க. யூபிஎஸ் மாத்துன பிறகும் காரணமே இல்லாம வந்தா பண்ணுங்க, இப்பவே பண்ணுனா காய்ச்சல் அடிக்கறப்ப தெர்மாமீட்டரை ஒடிச்ச மாதிரி. அதே போல விண்டோஸ் நடந்ததையெல்லாம் குறிச்சு வைக்கற ஈவன்ட் வியூவர்ல கெர்னல் பவர் 41ன்னு சிவப்பா இருக்கும், பாத்து பயந்துறாதீங்க, ஒழுங்கா ஷட்டவுன் ஆகாம எந்திரிச்சேன்னு மட்டும்தான் அது சொல்லுது, ஏன்னு அதுக்கே தெரியாது. அதுக்குள்ள பக்செக் கோடு 0ன்னு இருந்தா ப்ளூ ஸ்க்ரீன் பதிவாகலன்னு அர்த்தம், பெரும்பாலும் கரண்ட் சடார்னு போனதுதான்.

ஒருவேளை சிபியு மட்டும் அணைஞ்சு, பின்னாடி எஸ்எம்பிஎஸ் ஸ்விட்சை ஆஃப் பண்ணி கொஞ்ச நேரம் விட்டு போட்டாத்தான் உயிர் வருதுன்னா அது வேற வழக்கு. எஸ்எம்பிஎஸ் ஓவர்லோடுன்னோ ஷார்ட்டுன்னோ தன்னைத்தானே பூட்டிக்கிச்சு. அப்ப கிராஃபிக்ஸ் கேபிள், ப்ராசசரோட 8 பின் கேபிள் ரெண்டும் கடக்குன்னு உக்காந்திருக்கான்னு அழுத்திப் பாருங்க, போர்டுக்கு அடியில திருகு எதுவும் விழுந்து கிடக்கான்னும்.

கேள்வி: அண்ணே, கேபினெட்டை கை பட்டா சுர்ருன்னு இழுக்குது, செருப்பு போட்டா இல்ல. கம்ப்யூட்டர் நல்லாத்தான் ஓடுது, விட்டுறலாமா?
- வாசகி, நாகப்பட்டினம்

பதில்: விடாதீங்கம்மா. உங்க பிளக் பாயிண்ட்ல எர்த் இல்ல. எஸ்எம்பிஎஸ்குள்ள இருக்கற ஃபில்டர் கொஞ்சூண்டு கரண்டை எர்த்துல விடுறதுக்குன்னே கட்டியிருக்கு, எர்த் இல்லாதப்ப அது கேபினெட்ல வந்து உக்காந்துக்கும், பாதி மெயின்ஸ், ஒரு 115 வோல்ட் கிட்ட. அளவு சின்னதுதான், ஆனா நிஜமாவே ஒரு வயர் உரசுனா காப்பாத்த எதுவும் இல்லன்னு அர்த்தம். எர்த் பின்னை ஒடிச்ச எக்ஸ்டென்ஷன் பாக்ஸா பாருங்க முதல்ல. அது சரியா இருந்தா எலக்ட்ரீஷியனை வரச்சொல்லி எர்த் குழியைப் பாக்கச் சொல்லுங்க, உங்க பக்கம் உப்புக்காத்துல குழாய்ல மாட்டுன கிளாம்ப் துரு புடிச்சு அத்துப் போயிருக்கும், மேல பாத்தா வயர் ஒழுங்கா இருக்கற மாதிரியே தெரியும். அதுவரைக்கும் சின்னப் பசங்களை அந்தப் பக்கம் விடாதீங்க.

கேள்வி: எங்க வீட்டுக்கு அடுத்தே ரைஸ் மில். கம்ப்யூட்டர் ஆன் பண்ணி இருபது நிமிஷத்துல அணையுது, உடனே போட்டா அஞ்சு நிமிஷத்துலயே திரும்ப அணையுது.
- வாசகர், கும்பகோணம்

பதில்: ரெண்டாவது தடவை சீக்கிரம் அணையுதுன்னா சூடு. 100 டிகிரி பக்கம் போனதும் ப்ராசசர் வேகத்தைக் குறைச்சுப் பாக்கும், அப்பவும் ஆறலன்னா தானே வெட்டிக்கும். மூடியைக் கழட்டி கூலர் ஃபேனை மட்டும் எடுத்துப் பாருங்க, ஃபேன் மேல தூசு கம்மியாத்தான் இருக்கும், அதுக்கு அடியில அலுமினியத் தகட்டுக்கு மேல தவிட்டுத் தூளும் உமித் துணுக்கும் பஞ்சும் சேந்து கம்பளி மாதிரி ஒரே துண்டா உரிஞ்சு வரும். ப்ளோயர் அடிக்கறப்ப ஃபேன் இறக்கையை விரலால புடிச்சுக்குங்க. தெர்மல் பேஸ்ட் காஞ்சு போயிருந்தா துடைச்சுட்டு புதுசு வைங்க, பட்டாணி அளவு போதும். பெட்டியை மில் பக்கத்து ஜன்னல்லேர்ந்து தள்ளி வைங்க.

கேள்வி: பச்சை வயரையும் கறுப்பு வயரையும் கம்பியால சேத்தா எஸ்எம்பிஎஸ் ஃபேன் சுத்துது. அப்ப அது நல்லா இருக்குன்னுதானே?
- வாசகர், மயிலாடுதுறை

பதில்: ஆன் ஆகுதுன்னு தெரியும், அவ்வளவுதான். சுமை ஏத்தாம ஒண்ணும் சொல்ல முடியாது. கேம் ஓடறப்ப மஞ்சள் வயர்ல மல்டிமீட்டர் வச்சா 11.4லேர்ந்து 12.6க்குள்ள நிக்கணும், சிவப்புல 4.75லேர்ந்து 5.25. கீழ போனா மாத்துங்க. சந்தேகம்னு எஸ்எம்பிஎஸ்ஸ மட்டும் திறக்காதீங்க, பிளக்கை உருவுன பிறகும் உள்ள பெரிய கெப்பாசிட்டர்ல 300 வோல்ட்டுக்கு மேல தேங்கி நிக்கும்.