தொலைபேசியில் வரும் உத்தரவு

கேள்வி: இதழியல் முடித்திருக்கிறேன். வானொலிச் செய்திப் பிரிவின் தற்காலிகச் செய்தியாசிரியர் பட்டியலில் என் பெயர் வந்திருக்கிறது. "மேலிடத்திலிருந்து ஒரு போன் வந்தால் போதும், செய்தி மாறிவிடும்; போகாதே" என்கிறார்கள் நண்பர்கள். அது சட்டப்படி தன்னாட்சி நிறுவனம்தானே? சேரலாமா?
– வாசகி, திருச்சி

பதில்: அன்புத் தங்கைக்கு,

தாராளமாகச் சேருங்கள். அதற்குமுன், அகில இந்திய வானொலியையும் தூர்தர்ஷனையும் நடத்தும் பிரசார் பாரதி என்ற தன்னாட்சி நிறுவனத்தை உருவாக்கிய பிரசார் பாரதி சட்டத்தை ஒருமுறை முழுக்கப் படித்துவிடுங்கள்.

நண்பர்களின் பயத்தில் நியாயம் இருக்கிறது. 1975-இல் நெருக்கடி நிலை வந்த சில நாட்களிலேயே அமைச்சர் ஐ.கே. குஜ்ராலிடமிருந்து செய்தி ஒலிபரப்புத் துறை பறிக்கப்பட்டு வி.சி. சுக்லாவிடம் போனது. வானொலி ஆளுங்கட்சியின் குரலானது. தன்னாட்சிக் கோரிக்கை வலுத்தது அதற்குப் பிறகுதான். சட்டம் 1990-இல் நிறைவேறியது. நடைமுறைக்கு வந்ததோ 1997-இல். ஒலிவாங்கியை விட்டுக்கொடுக்க எந்த ஆட்சிக்கும் மனம் வருவதில்லை.

நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டியது 23-ஆவது பிரிவு. நாட்டின் இறையாண்மை, ஒருமைப்பாடு, பாதுகாப்பு, பொது ஒழுங்கு ஆகியவற்றுக்காக ஒன்றை ஒலிபரப்பாதே என்று மத்திய அரசு உத்தரவிடலாம். பொது முக்கியத்துவம் உள்ள ஒன்றை ஒலிபரப்பு என்றும் சொல்லலாம். ஆனால் அந்த உத்தரவின் நகலை நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் வைத்தாக வேண்டும். 'உத்தரவின் பேரில் ஒலிபரப்புகிறோம்' என்று நிறுவனம் நேயர்களுக்கே அறிவிக்கவும் செய்யலாம். இவ்வளவு வெளிச்சத்தில் யார் உத்தரவு போடுவார்கள்? அதனால்தான் தொலைபேசி. அதற்குச் சட்டத்தில் இடமே இல்லை.

சட்டம் மட்டும் காப்பாற்றிவிடாது என்பதும் உண்மை. பிரசார் பாரதி இன்றும் மத்திய அரசின் மானியத்தை நம்பியே நடக்கிறது. மக்கள் கட்டணத்தில் நடக்கும் ஜெர்மனியின் இசட்.டி.எஃப். தொலைக்காட்சியிலேயே, 2009-இல் தலைமை ஆசிரியர் நிகோலாஸ் பிரெண்டரின் பதவி நீட்டிப்பை நிர்வாகக் குழுவில் இருந்த அரசியல்வாதிகள் தடுத்துவிட்டார்கள். வழக்கு அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போனது. கண்காணிப்புக் குழுக்களில் அரசு சார்ந்தவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்று 2014-இல் தீர்ப்பு வந்தது. அங்கே கேட்க ஆள் இருந்தது.

உங்கள் மேசைக்கு வருவோம். அழுத்தம் அங்கே சத்தமில்லாமல் வரும். எதிர்க்கட்சித் தலைவரின் பேச்சு ஏழு வரியிலிருந்து இரண்டு வரியாகும். குடிநீர் மறியலுக்கு முன்னால் அமைச்சரின் திறப்பு விழா ஏறும். கேட்டால் 'நேரமில்லை' என்பார்கள். பத்து நிமிட அறிக்கையில் பல நாள் அது உண்மையாகவும் இருக்கும், எடுத்தவுடன் சண்டைக்குப் போகாதீர்கள். நீங்கள் எழுதிய முதல் பிரதியை நேரம் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். வெட்டச் சொன்னால், "யார் சொல்லி வெட்டினோம் என்று பிரதியில் குறித்துவிடட்டுமா?" என்று மரியாதையாகக் கேளுங்கள். பல வெட்டுகள் அந்தக் கேள்வியிலேயே நின்றுபோகும்.

தற்காலிகப் பட்டியலில் இருப்பவருக்கு அழைத்தால்தான் வேலை என்பதால், கேள்வி கேட்பவரை அடுத்த மாதம் அழைக்காமலும் விடலாம். எனவே குடும்பச் செலவு முழுவதையும் இந்த வருமானத்தின் மீது ஏற்றிவிடாதீர்கள். மொழிபெயர்ப்போ வகுப்போ கூடவே ஒன்று இருக்கட்டும்.