எலி கடித்த டிராக்டர் ஒயரிங்: முழு செட்டையும் மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: சம்பா அறுவடை முடிந்து மூன்று வாரமாக ஷெட்டில் நின்ற 45 குதிரைத்திறன் டிராக்டர். இப்போது சாவியைத் திருப்பினால் செல்ஃப் எடுக்கவில்லை. முன்விளக்குக்கு ஃபியூஸ் போட்டால் உடனே போய்விடுகிறது. பானெட்டுக்குள் எலிப் புழுக்கையும் வைக்கோலும் கிடக்கின்றன. வந்து பார்த்தவர், ஒயரிங் செட்டை முழுதாக மாற்றினால்தான் ஆகும் என்கிறார். வேறு வழி கிடையாதா? (மன்னார்குடி வட்டத்திலிருந்து ஒரு விவசாயி)

பதில்: எந்த இடத்தில், எத்தனை ஒயர் கடிபட்டிருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாதவர் சொல்வதைக் கேட்டு செட் வாங்க வேண்டாம். இந்த அளவு டிராக்டர்களில் பெரும்பாலானவற்றுக்கு டீசல் பம்ப் மெக்கானிக்கல்தான். ஒயரிங்கின் வேலை செல்ஃப், சார்ஜிங், விளக்கு, மீட்டர் போர்டு என்ற நான்கோடு முடிந்துவிடும். ஓரிரு இடங்களில் மட்டும் கடி என்றால் நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒரே நாளில் சரிசெய்யக்கூடிய வேலை இது.

முதலில், இன்சூரன்ஸுக்கு வேண்டியிருக்கும் படங்களை எடுத்துவிட்டு, கூட்டை அகற்றுங்கள். எலிக்காய்ச்சல் வரும் என்பதால் கையுறை போட்டு, பிளீச்சிங் கரைசல் தெளித்து நனைத்த பிறகே வைக்கோலை எடுக்க வேண்டும். காய்ந்தபடியே பெருக்கக் கூடாது. பேட்டரியில் நெகட்டிவ் கேபிளை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டுங்கள். பாசிட்டிவைக் கழற்றும்போது ஸ்பேனர் பாடியில் பட்டாலும் அப்போது தீப்பொறி வராது.

அடுத்து பேட்டரி. கடிபட்ட ஒயர் பாடியில் ஒட்டிக்கொண்டிருந்தால் மூன்று வாரத்தில் பேட்டரி இறங்கியிருக்கும். எதுவும் ஓடாத நிலையில் 12.6 வோல்ட் இருந்தால் முழுச் சார்ஜ். 12.2க்குக் கீழே என்றால் சார்ஜ் ஏற்றிய பிறகே மற்ற சோதனைகள். இல்லாவிட்டால் நல்ல பாகத்தையெல்லாம் சந்தேகப்பட வேண்டிவரும். சாவி அணைந்திருக்க, நெகட்டிவ் முனைக்கும் அதன் கேபிளுக்கும் நடுவே 12 வோல்ட் சிறு பல்பு ஒன்றை இணைத்துப் பாருங்கள். பளிச்சென்று எரிந்தால் எங்கோ மின்சாரம் கசிகிறது. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக உருவுங்கள். எதை உருவும்போது பல்பு அணைகிறதோ, கடிபட்ட ஒயர் அந்த வழியில் இருக்கிறது.

ஃபியூஸ் போய்க்கொண்டே இருப்பதற்கும் இதே முறைதான். நெகட்டிவ் கேபிளை மாட்டிவிட்டு, ஃபியூஸ் இருக்கும் இடத்தில் 21 வாட் பல்பை மாட்டி, முன்விளக்கு கப்ளர்களை (ஒயர்களை இணைக்கும் பிளக்குகளை) கழற்றிவிட்டு, சுவிட்சைப் போடுங்கள். பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்தால் ஒயர் பாடியைத் தொடுகிறது. ரேடியேட்டர் பக்கத்திலிருந்து டேஷ்போர்டு வரை ஒயர்க்கட்டை மெல்ல அசைத்துக்கொண்டே வாருங்கள். பல்பு மங்கும் இடத்தில் சுருள் குழாயைப் பிரித்தால் கடி தெரியும். 10 ஆம்பியர் ஃபியூஸ் நிற்கவில்லை என்று 30 போடுவதும், செம்புக் கம்பியைச் சுற்றுவதும் வேண்டவே வேண்டாம். ஃபியூஸுக்குப் பதில் ஒயர் எரியும். நாலு இடத்துக் கடியோடு போயிருக்க வேண்டியது, நிஜமாகவே முழு செட் செலவாகிவிடும்.

செல்ஃப் எடுக்காததற்கு, செல்ஃப் மோட்டாரின் சோலனாய்டில் (மோட்டாருக்கு மின்சாரம் விடும் மின்காந்த சுவிட்சில்) இருக்கும் மெல்லிய ஒயரில் டெஸ்ட் லாம்ப் (மறுமுனை பாடியில் மாட்டிய சோதனை விளக்கு) வைத்து ஒருவரைச் சாவி திருப்பச் சொல்லுங்கள். கியர் நியூட்ரலில் இருக்கட்டும், கிளட்ச் மிதித்திருக்கட்டும். லாம்ப் எரிந்தும் ‘டக்’ என்ற சத்தம் வரவில்லை என்றால் சோலனாய்டைப் பாருங்கள். எரியவே இல்லை என்றால் பின்னோக்கிப் போங்கள்: ரிலே, கிளட்ச் அல்லது கியர் பக்கத்துப் பாதுகாப்பு சுவிட்ச், சாவி சுவிட்ச். பாதுகாப்பு சுவிட்சின் ஒயர் கியர்பாக்ஸ் மேலே தாழ்வாக ஓடுவதால் எலிக்கு எளிதில் அகப்படும்.

பலர் கவனிக்காத ஆபத்து ஒன்று மீட்டர் போர்டில் இருக்கிறது. ஆயில் பிரஷர் ஒயர் அறுந்துபோனால் அந்தச் சிவப்பு விளக்கு எப்போதுமே எரியாது. பார்ப்பவர் எல்லாம் சரி என்று நினைப்பார். ஆயில் இறங்கி இன்ஜின் பிடித்த பிறகுதான் தெரியும். சார்ஜிங் விளக்கும் அப்படித்தான். சாவி போட்டதும், ஸ்டார்ட் ஆகும் முன், இந்த இரண்டும் எரிந்தே ஆக வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் வெப்பமானி ஒயர் அறுந்தால் முள் குளிர்ப் பக்கமே கிடக்கும். ஒயர் பாடியைத் தொட்டால் சூட்டுப் பக்கம் ஓடிவிடும்.

மல்டிமீட்டரின் ‘பீப்’ சத்தத்தை மட்டும் நம்ப வேண்டாம். இருபது இழையில் ஒரே இழை மிஞ்சியிருந்தாலும் பீப் வரும், ஆனால் அந்த ஒயர் விளக்கைத் தாங்காது. விளக்கை எரியவிட்டு, பேட்டரி பாசிட்டிவுக்கும் விளக்கின் பாசிட்டிவுக்கும் இடையே வோல்ட் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த வழியில் ஒயரோ இணைப்போ பலவீனமாக இருக்கிறது.

ஒட்டும்போது, செம்பு பளபளப்பாகத் தெரியும்வரை வெட்டுங்கள். எலி மூத்திரம் பட்ட இழை பச்சையாகி உள்ளே வரை அரித்திருக்கும். அதே தடிமனில் ஆட்டோ ஒயர், அளவுக்கேற்ற கிரிம்ப் (நசுக்கி இறுக்கும்) இணைப்பான், உள்ளே பசை உள்ள, சூடு காட்டினால் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ்: இவ்வளவுதான் சாமான். ஸ்லீவை முதலில் ஒயரில் கோத்துக்கொண்டு அப்புறம் இணைக்க வேண்டும். பல ஒயர்களை ஒரே இடத்தில் ஒட்டினால் அங்கே முடிச்சுபோல் புடைத்துவிடும்; 4, 5 சென்டிமீட்டர் தள்ளித் தள்ளி ஒட்டச் சொல்லுங்கள். இன்சுலேஷன் டேப் மட்டும் சுற்றிவிட்டுப் போனால் இன்ஜின் சூட்டில் பசை இளகி, அடுத்த சேற்றுழவுக்குள் அவிழ்ந்துவிடும். கடையில் ஒயர் வாங்கும்போது ஓர் இழையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். மேலே செம்பு நிறமும் உள்ளே வெள்ளையும் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம், வேண்டாம்.

செட் மாற்ற வேண்டிய நிலையும் உண்டு. ஒயர்கள் உருகி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால், கப்ளர் உள்ளே வரை கடிபட்டிருந்தால், ஒரே பகுதியில் ஏழெட்டு இடம் போயிருந்தால் மாற்றுவதே நல்லது. அப்போதும் முன்பகுதி, இன்ஜின் பகுதி, பின்பகுதி என்று தனித்தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். பல மாடல்களுக்குக் கிடைக்கும். சேஸிஸ் எண்ணைக் கொடுத்துப் பாக எண்ணை உறுதி செய்யுங்கள். மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள், பழைய ஒயரிங்கைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். 2023 முதல் 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட வண்டிகளில் புதிய புகை விதிகள் வந்த பிறகு இ.சி.யூ. (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) வைத்த சிஆர்டிஐ (மின்னணு முறையில் டீசல் செலுத்தும்) இன்ஜின்கள் பரவலாகிவிட்டன. அந்த ஒயர்களைப் பொது மெக்கானிக் வெட்டி ஒட்டுவது சரியல்ல. கம்பெனி ஸ்கேனர் உள்ளவரிடம் கொடுங்கள்.

கேள்வி: ஸ்க்ரூடிரைவரால் செல்ஃப் மோட்டார் டெர்மினல்களை ஷார்ட் செய்து ஸ்டார்ட் பண்ணலாம் என்கிறார்களே?

பதில்: கூடாது. சாவி வழியாக வரும் பாதுகாப்பு சுவிட்ச் அப்போது செயல்படாது. கியரில் இருந்தால் வண்டி கிளம்பி, பெரிய சக்கரத்துக்கு முன்னால் நிற்பவர் மேலேயே ஏறும். உயிர்கள் இப்படிப் போயிருக்கின்றன. ஒயர் சரியாகும்வரை வண்டி நிற்கட்டும்.

கேள்வி: வாரன்டியில், இன்சூரன்ஸில் இந்தச் செலவு கிடைக்குமா?

பதில்: வாரன்டி தயாரிப்புக் குறைக்குத்தான், எலிக்கடி அதில் வராது. ஆனால் எலிக்கடியைக் காரணம் காட்டி, கடிக்குச் சம்பந்தமில்லாத பழுதின் வாரன்டியை மறுத்தால் விடாதீர்கள், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டும் இருந்தால் உங்கள் வண்டிச் சேதத்துக்குப் பணம் வராது. முழுப் பாலிசி என்றால், விலக்குப் பட்டியலில் எலி பற்றியும் மின்பழுது பற்றியும் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். மின்பழுது என்ற வார்த்தையைக் காட்டி மறுக்கப் பார்ப்பார்கள். வெளியிலிருந்து வந்த எலியால் நேர்ந்த சேதம் என்று நீங்கள் வாதிட இடமுண்டு. அதற்குப் படம் வேண்டும்: புழுக்கை, கடித்தடம், சேஸிஸ் எண். பிரிப்பதற்கு முன் இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிவியுங்கள்; பிரித்துச் சரிசெய்த பிறகு சொன்னால் ஆதாரம் போய்விடும். மறுத்தால் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவு, அங்கே 30 நாளில் தீராவிட்டால் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மன் (இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் அதிகாரி). அங்கே கட்டணம் இல்லை. தேவையில்லாத பாகத்தை மாற்றிப் பில் போட்டிருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. சொந்தப் பிழைப்புக்காக ஓட்டும் டிராக்டர் என்றால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி நீங்கள் நுகர்வோர்தான்.

கேள்வி: எலி விரட்டும் ஒலிக்கருவி வாங்கலாமா?

பதில்: அந்தக் காசுக்கு எலிப்பொறி வாங்குங்கள். காதுக்குக் கேட்காத அந்த ஒலி பொருள்களைத் தாண்டிச் செல்லாது, சில நாளில் எலியும் பழகிவிடும். அறுவடை முடிந்ததும் வயலில் தீனி இல்லாமல் எலி ஷெட்டுக்கு வரும் காலத்தில்தான் பொறி தேவை. சுவரோரமாக, தீனி பக்கம் சுவரைப் பார்த்தபடி வையுங்கள். கருவாட்டுத் துண்டு, சுட்ட தேங்காய் இரண்டும் நன்றாக இழுக்கும். வயல் வரப்பில் தஞ்சாவூர் கிட்டி (மூங்கில் வில் பொறி) வைக்கலாம். விஷம் வைத்தால் எலி டேஷ்போர்டுக்குள் செத்து நாறும், அதைத் தின்னும் ஆந்தையும் நாயும் சாகக்கூடும். வைக்கோல் போரையும் மாட்டுத் தீவன மூட்டையையும் வண்டியிலிருந்து தள்ளி வையுங்கள். நீண்ட நாள் நிறுத்தும்போது பானெட்டைத் திறந்து போட்டால் வெளிச்சம் படும் இடத்தில் கூடு கட்டத் தயங்கும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டால், கடித்தாலும் ஷார்ட் ஆகித் தீப்பிடிக்க வழியில்லை.