பில்லில் ‘கம்ப்யூட்டர் 1 செட்’ என்று மட்டும் இருக்கிறதா?

கேள்வி: சேலம் அம்மாபேட்டையில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். ஏழு மாதம் முன்பு 62,000 ரூபாய்க்கு அசெம்பிள்டு கம்ப்யூட்டர் வாங்கினேன். பிராசசர் பெட்டியில் 4.4 ஜிகாஹெர்ட்ஸ், கம்ப்யூட்டரில் 2.5 என்று காட்டுகிறது. எடிட் செய்த வீடியோவை எக்ஸ்போர்ட் போட்டால் சில நிமிடத்தில் 0.8க்கு இறங்கி அங்கேயே நிற்கிறது. கேட்டால், “ஏற்காட்டுக்குக் கொண்டு போய் ஓட்டுங்க” என்று நாலு பேர் முன்னால் கிண்டல் செய்கிறார் கடைக்காரர். இரண்டு ஆர்டர் கைவிட்டுப் போய்விட்டது. 3 லட்சம் நஷ்டஈடு கேட்கலாமா? மச்சானின் நண்பர் பிரித்துப் பார்க்கிறேன் என்கிறார்.

பதில்: கிண்டலுக்கெல்லாம் வழக்கு இல்லை. 2.5ஐயும் விட்டுவிடுங்கள். கடைக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய எஸ்டிமேட்டில் கோர் ஐ5-12400 என்று இருக்கிறது. அதன் அடிப்படை வேகமே 2.5தான், 4.4 அதன் உச்சம். சும்மா கிடக்கும்போது 0.8 காட்டினாலும் குற்றமில்லை, மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறது. வேலை கொடுத்த பிறகும் 0.8ஐ விட்டு ஏறவில்லை என்பது மட்டும்தான் உங்கள் வழக்கு. கோளாறு பிராசசரிலா, அதன் சூட்டைத் தணிக்கும் கூலரிலா, மதர்போர்டிலா என்று நீங்கள் சொல்லத் தேவையில்லை. மொத்தத்தையும் விற்றவர் ஒருவரே.

பில்லில் ‘கம்ப்யூட்டர் 1 செட்’ என்றுதான் இருக்கிறது. அதனால் அந்த எஸ்டிமேட் உள்ள போனை மாற்றிவிடாதீர்கள். ஏற்காடு பேச்சையும் வாட்ஸ்அப்பிலேயே கேட்டு வாங்குங்கள்: “சூட்டில் வேகம் குறைகிறது என்றீர்களே, என்ன செய்யலாம்?” பதில் வந்தால் அது அவர் வாயாலேயே வந்த ஒப்புதல்.

மச்சானின் நண்பர் ஸ்க்ரூடிரைவரைத் தொடவே கூடாது. இதில்தான் என் கட்சிக்காரர்கள் திரும்பத் திரும்ப விழுகிறார்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38வது பிரிவுப்படி, சோதித்தால்தான் தெரியும் என்கிற குறையென்றால் நுகர்வோர் ஆணையம் பொருளை சீல் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்பும். அந்தக் கட்டணத்தை உங்களையே கட்டச் சொல்லலாம். பிராசசர் மேல் தடவும் கூலிங் பேஸ்ட்டை மாற்றி, போர்டின் அடிப்படை மென்பொருளான பயோஸை அப்டேட் செய்து வைத்த பெட்டி ஆய்வகத்தில் ஒழுங்காக ஓடிவிட்டால் வழக்கு முடிந்தது. ஓடாவிட்டாலோ, “நல்ல பிராசசரை எடுத்துவிட்டுப் பழசைப் போட்டுவிட்டார்” என்பார் எதிர்த்தரப்பு வக்கீல். அப்படிச் சொல்ல அவருக்குச் சாட்சியும் இருப்பார்: உங்கள் மச்சானின் நண்பர்.

இந்த 3 லட்சமும் உங்களுக்கே குழி. ஆர்டர் கணக்கை அடுக்க அடுக்க, ‘இவர் நுகர்வோர் இல்லை, வியாபாரத்துக்கு வாங்கியவர்’ என்ற ஆட்சேபணை வரும். சொந்தக் கையால் உழைத்துப் பிழைக்க வாங்கியது என்றால் சட்டம் விலக்கு தருகிறது. மனுவில் அதைத்தான் எழுத வேண்டும். அப்புறம், “நாளைக்கு வாங்க” என்று கடைக்காரர் இழுப்பதால் வழக்குப் போடுவதற்கான இரண்டு வருடக் கெடு தள்ளிப் போகாது.

5 லட்சம் வரையிலான பொருளுக்கு ஆணையத்தில் மனுக் கட்டணம் இல்லை. ஆனாலும் 62,000க்காக மாதக் கணக்கில் வாய்தாவுக்கு அலையாதீர்கள் என்பேன். கூலர், போர்டு இரண்டையும் மாற்றித் தருவதாகச் சொன்னால் ஒப்புக்கொள்ளுங்கள், மாற்றிய பாகங்களின் நம்பரோடு எழுதி வாங்குங்கள். ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று அவர் நீட்டும் தாளில் மட்டும் அவசரப்படாதீர்கள். முதலில் கடையிலேயே ஒரு முழுக் கல்யாண வீடியோவை எக்ஸ்போர்ட் போட்டுவிட்டு, முடியும்வரை ஸ்டூல் போட்டு உட்காருங்கள். கையெழுத்து அதற்கப்புறம்.