நாற்பது காலுக்குள் எப்படி அடக்கினார்கள்? பழைய சிப்கள் பற்றிய கேள்வி பதில்

கொக்குவில் மாணவி: சேர், இன்ரெலின் 8085 புறொசெசர் சிப்பில் முகவரியும் டேட்டாவும் ஏன் ஒரே காலில் (பின்னில்) வருகின்றன?

பிள்ளை, கால்களை எண்ணிப் பாருங்கள். முகவரிக்கு 16, டேட்டாவுக்கு 8. நாற்பதில் 24 அதிலேயே போய்விட்டது. 1974-இல் வந்த இன்ரெலின் முந்தைய சிப் 8080 அவற்றைத் தனித்தனியே விட்டது. ஆனால் +5, −5, +12, கிரவுண்ட், இரண்டு கிளொக் என்று இன்னும் ஆறு கால் போயின. இப்போது கதைப்பது மெமறியோடா, வெளிக்கருவியோடா என்று சொல்லவே இடம் இல்லை. அதை டேட்டா கால்களிலேயே ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் அனுப்பினார்கள். பிடித்துவைக்க 8228 என்ற இன்னொரு சிப் வேண்டியிருந்தது.

8085 வெறும் 5 வோல்ட்டில் ஓடும். ஆனால் கிளொக்குக்கான கிறிஸ்டல், சீரியல் (டேட்டாவை ஒவ்வொரு பிட்டாக அனுப்புவது), மேலதிக இன்டரப்ட் (நடக்கும் வேலையை இடைமறித்து அழைப்பது) எல்லாவற்றுக்கும் கால் வேண்டும். ஆகவே கீழ் 8 முகவரியும் டேட்டாவும் ஒரே ஒழுங்கையால் முறைவைத்துப் போகின்றன. முதலில் முகவரி வரும், "இது முகவரி" என்று காட்டும் ஏஎல்ஈ சிக்னல் இறங்கும்போது லாட்ச் என்ற வெளிச் சிப் அதைப் பிடித்துக்கொள்ளும், பிறகு டேட்டா.

ஒன்று மறக்காதீர்கள்: பாவிக்காத ஹோல்ட் (நிறுத்தி வழிவிடச் சொல்வது), ட்ராப் (தடுக்க முடியாத இன்டரப்ட்) கால்களைக் கிரவுண்டில் கட்டுங்கள், றெடியை (மெமறி ஆயத்தம் என்று சொல்வது) 5 வோல்ட்டில்.

சுன்னாகம்: லாட்சுக்கு எந்தச் சிப்?

74எல்எஸ்373.

நல்லூர்: றீட், றைட் சிக்னல் எல்லாம் பூச்சியத்தில் வேலை செய்வது ஏன்?

அந்தக் காலத்து டிடிஎல் (ஒரு வகை லொஜிக் சிப்) கேற் வயரைக் கீழே, 0-க்கு, இழுப்பதில்தான் பலசாலி: 16 மில்லிஅம்பியர். மேலே, 1-க்கு, தள்ளுவதோ 0.4 தான். டிடிஎல் உள்ளீட்டு வயர் அறுந்தால் அது 1 என்றே வாசிக்கும். தவறுதலாக றைட் நடக்காது. ஆனால் 8085 என்மொஸ் என்ற வேறு வகைச் சிப். அதில் கட்டாத கால் எந்தப் பக்கமும் போகும். அதனால்தான் கட்டுங்கள் என்கிறேன்.

பருத்தித்துறை: அண்ணை, சைலொக்கின் இஸட்80 புறொசெசர் இந்த ஒழுங்கை வேலை இல்லாமலே 40-க்குள் அடங்கியதே! இன்ரெல் தவறுதானே?

தவறில்லை, தம்பி, வேறு கணக்கு. இஸட்80-இல் 24-உடன் மின், கிரவுண்ட், கிளொக் மூன்று. மிச்சம் 13-உம் கட்டுப்பாடு. சீரியலும் இல்லை, கிறிஸ்டல் காலும் இல்லை.

பருத்தித்துறை: இன்டரப்ட் ஏற்றதைச் சொல்லவும் கால் இல்லையே?

அங்கேதான் அழகு! எம்1 கால் இறங்கினால் கட்டளை எடுக்கிறேன் என்று பொருள். ஐஓஆர்கியூ கால் இறங்கினால் வெளிக்கருவியோடு கதைக்கிறேன் என்று பொருள். கட்டளையை ஒருபோதும் வெளிக்கருவி முகவரியிலிருந்து எடுப்பதில்லை. நடக்கவே முடியாத அந்தச் சேர்க்கையை, இரண்டும் ஒன்றாக இறங்குவதை, "இன்டரப்டை ஏற்றேன்" என்று வைத்தார்கள். ஒரு கால் மிச்சம். இதற்காகவே இஸட்80 எனக்குப் பிடிக்கும்.

மானிப்பாய்: 8085-இல் முகவரியும் டேட்டாவும் ஏன் ஒன்றாக...

முதல் பதிலை வாசியுங்கள்.

சாவகச்சேரி: என் 8085 கிட் கை கிட்டப் போனால் நின்றுவிடுகிறது.

ஹோல்ட் கால் எங்கே கட்டியிருக்கிறது என்று முதலில் பாருங்கள்.